பால்மா பேணிக்குள் இருந்த உப்பு: கல்லடியில் ஒரு சயனைட்டு நிகழ்வு ஆய்வு

மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது பானையை மூடக் கூடாது என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. கிழங்கு சாப்பிட்ட நாளில் இஞ்சி தொடவும் விடமாட்டா. இஞ்சிக் கதைக்கு இரசாயன விளக்கம் தேடி நான் களைத்துப்போனேன். ஆனால் மூடி விசயம் சுத்தமான விஞ்ஞானம். கிழங்கில் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கு வெட்டுப்பட்டால் அது உடைந்து ஐதரசன் சயனைட்டாக வெளியேறும். அந்தச் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகை செல்சியசில் கொதித்துவிடும். மட்டக்களப்பில் நடுச்சாமத்தில்கூட அவ்வளவு வெப்பம் இருக்கிற நாட்கள் நிறைய. அதாவது எங்கள் ஊரில் அந்தப் பொருள் திரவமாக நிற்க விரும்பாது, காற்றாகத்தான் போகும். மூடி இல்லாவிட்டால் வெளியே போகும். மூடி இருந்தால் பானைக்குள்ளேயே சுற்றும்.

என் மச்சானின் கொட்டிலுக்கு மூடி இருந்தது. மாரி மழைக்குச் சாரல் அடிக்கிறது என்று மூன்று பக்கமும் பொலித்தீன் கட்டி, நாலாவது பக்கம் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். மச்சான் என் தங்கச்சியின் கணவர், கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா, நான் மாமா என்று கூப்பிடுபவர், நகை வேலைக்காரர். முப்பது வருசத்துக்கு மேல் முலாம் பூசும் பட்டறையும் வைத்திருந்தவர். இப்போது கண் மங்கி, காதும் மந்தமாகி, திண்ணையில் இருக்கிறார். நடந்ததை எழுதச் சொன்னதே மச்சான்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கடையில் திருத்த முடியாமல் கிடந்த பழைய போன்கள் 63. அவற்றின் பலகைகளைக் கழற்றி ஒரு யூரியாப் பையில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் இருக்கிற தங்கத்தைப் பிரித்தெடுப்பதுதான் திட்டம். தொடக்கத்தில் மற்றவர்கள் செய்கிற மாதிரி நைத்திரிக்கமிலமும் ஐதரோக்குளோரிக்கமிலமும் கலந்த இராச திராவகத்தில்தான் முயன்றார். தவிட்டு நிறப் புகை கிளம்பி, பக்கத்து வளவில் காயப்போட்ட உடுப்புக்கெல்லாம் மணம் ஏறி, சண்டை வந்தது. அப்போதுதான் சயனைட்டு முறையைப் பற்றி எங்கேயோ பார்த்திருக்கிறார். புகை இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் மாதிரி ஒரு கரைசல். பெரிய சுரங்கமெல்லாம் இதில்தான் ஓடுகிறது என்று அவருக்கு ஒரே சந்தோசம்.

சுரங்கம் இதில் ஓடுவது உண்மைதான். 1887 இல் கிளாஸ்கோவில் மக்கார்தர் என்ற இரசாயனவியலாளரும் ஃபொரஸ்ட் சகோதரர்கள் இருவரும் காப்புரிமை எடுத்த முறை. மூன்று வருசத்துக்குள் தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாறையில் ஒரு தொன்னுக்குச் சில கிராம்தான் தங்கம் இருக்கும். அந்தப் பாறையை மாப்போல அரைத்து, காற்று ஊதி, மெல்லிய சயனைட்டுக் கரைசலில் ஊறவிட்டால், ஒட்சிசனின் துணையோடு தங்கம் கரையும். தூள் நுண்மையாக இருக்க வேண்டும், காற்று வேண்டும், கூடவே வேறு உலோகம் நிறையக் கிடக்கக் கூடாது. இந்த மூன்றில் மச்சானின் வாளியில் ஒன்றுகூட இருக்கவில்லை.

பேணிக்கு வருவோம். சயனைட்டு எங்கே வாங்கினார் என்று எல்லாரும் கேட்டார்கள். வாங்கவே இல்லை. மாமாவின் பட்டறைச் சாமான் கிடந்த தட்டில், லேபல் உரிந்த ஒரு பால்மா பேணிக்குள் வெள்ளைக் கட்டிகளாக இருந்தது. மாமா அதைச் 'சைனட் உப்பு' என்பார், பல நேரம் வெறும் 'உப்பு' என்றே சொல்லுவார். முலாம் தொட்டிக்குப் பாவித்தது. பட்டறை மூடிப் பல வருசம். அவ்வளவு காலமும் அந்தப் பேணி, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், கதவில்லாத தட்டில் இருந்திருக்கிறது. விபத்தைவிட இந்த ஒரு விசயம்தான் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

பழைய பேணிச் சயனைட்டில் இன்னொரு சிக்கல். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டும் ஈரமும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காபனேற்றாக மாற்றிவிடும். அதனால் அந்தக் கட்டியில் எத்தனை பங்கு சயனைட்டு, எத்தனை பங்கு வெறும் காபனேற்று என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மச்சான் கண்ணளவில் அள்ளிப் போட்டார்.

வாளிக்குள் நடந்தது

பலகைகளை வாளியில் அமிழ்த்தி ஒன்பது நாள் வைத்திருந்தார். தொடக்கத்தில் எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) போட்டார். கரைசல் கடும் காரமாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் போட்டதோடு சரி, பிறகு ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை, அதற்கு நேர் கீழே வாளி. ஒன்பது நாள் மாரி மழை சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. போதாததற்குக் காற்றிலிருக்கிற காபனீரொட்சைட்டும் காரத்தைத் தின்றுகொண்டிருக்கும். காரம் எவ்வளவு என்று காட்டும் pH எண் 9.2 அளவுக்கு இறங்கினால் சயனைட்டில் பாதிக்குப் பாதி ஐதரசன் சயனைட்டாக மாறி நிற்கும். அதற்கும் கீழே போனால் கிட்டத்தட்ட முழுவதும் அப்படித்தான். சுரங்கங்களில் இந்த எண்ணைப் பத்துக்கு மேலே பிடித்து வைத்திருக்கவே ஆளும் கருவியும் இருக்கும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு 'வேலை நின்றுபோய்விட்டது' என்று இன்னும் கொஞ்சம் உப்பு போட்டாராம். ஆறாம் நாள் மறுபடியும். ஏன் நின்றது? செம்பு. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் 2006 இல் கொடுத்த கணக்கின்படி, ஒரு பழைய கைத்தொலைபேசியில் தங்கம் 0.034 கிராம், செம்பு 16 கிராம். மச்சானின் 63 போனுக்கும் பெருக்கினால் தங்கம் 2.14 கிராம், செம்பு ஒரு கிலோ. தங்க அணு ஒன்றைப் பிடிக்க இரண்டு சயனைட்டு வேண்டும். செம்பு ஒன்றுக்கு மூன்று போகும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். தங்கம் முழுவதற்கும் வேண்டியது சுமார் 1 கிராம் சோடியம் சயனைட்டு. செம்பு எல்லாம் கரைவதானால் 2 கிலோவுக்கு மேல். பலகையில் செம்பின் பெரும் பகுதி பச்சைப் பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும், எல்லாம் கரையாது என்றாலும், யார் முந்திக்கொள்கிறான் என்று விளங்கும். அந்த வாளியில் போட்ட நஞ்சில் மிகப் பெரும் பங்கு தங்கத்தைத் தொடவே இல்லை. பந்திக்கு வந்த விருந்தாளிக்கு முதல், கூட வந்த ஊரே சாப்பிட்டு முடித்த கதை.

நகைத் துண்டு என்றாலும் நிலைமை பெரிதாக மாறாது. பட்டறைக் குப்பையில் கிடக்கும் ராவுத்தூளிலும் செம்பும் வெள்ளியும் இருக்கும். முழு மோதிரம் மாதிரித் தடித்த தங்கமென்றால், மேற்பரப்பு குறைவு என்பதால் நாட்கணக்காக, கிழமைக்கணக்காக இழுக்கும். சயனைட்டு மெல்லிய படலத்துக்கும் நுண்ணிய தூளுக்கும் சரி. கட்டித் தங்கத்தைத் தூய்மையாக்க மாமாவின் தலைமுறை அதைத் தொட்டதே இல்லை. அதற்கு மூசையும் வெண்காரமும் திராவகமும் இருந்தன.

ஒன்பதாம் நாள் அவர் ஒரு சோதனை செய்தார். இராச திராவகத்தில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளீயக் குளோரைட்டுத் துளி விடுவார்கள், தங்கம் இருந்தால் ஊதா நிறம் வரும். அந்தப் பழக்கத்தில் இதிலும் ஒரு துளி. ஊதா வரவில்லை. வராது. சயனைட்டு தங்கத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும். 'தங்கமே இல்லை' என்று அந்தத் துளி சொன்னது பொய். அதைவிட மோசம், அந்த வெள்ளீயக் குளோரைட்டு அமிலத்தில் கரைத்து வைப்பது. அமிலத் துளி சயனைட்டில் விழுந்தால் விழுந்த இடத்தில் நச்சு வாயு கிளம்பும். அன்று மத்தியானம் தலை இடித்தது, வெறும் வயிற்றில் நின்றதால் என்று நினைத்தேன் என்றார் மச்சான். என் கணிப்பில் விபத்து அன்று மத்தியானமே தொடங்கிவிட்டது. மூன்று மணித்தியாலம் கழித்து நடந்தது அதன் மிச்சம்.

பின்னேரம் நாகத் தூள், அதாவது துத்தநாகத் தூள், போட்டார். நாகம் தன்னைக் கொடுத்து, கரைந்த தங்கத்தைக் கீழே இறக்கும், செம்பையும் சேர்த்து இறக்கும். கறுப்புச் சேறு படிந்தது. பழைய வேட்டித் துணியில் வடித்தார். மிஞ்சிய நாகத்தை அகற்றுவதற்காக அந்தச் சேற்றை ஒரு பாத்திரத்தில் போட்டு, ஐதரோக்குளோரிக்கமிலத்தை ஊற்றினார். துணியும் சேறும் சயனைட்டுக் கரைசலில் தோய்ந்து ஈரமாக இருந்தன. கழுவியிருக்கவில்லை. கழுவியிருந்தாலும் அந்த இடத்தில் நான் நிற்கமாட்டேன்.

பாத்திரம் நுரைத்தது. நாகத்தில் அமிலம் பட்டால் ஐதரசன் குமிழி வருவது வழக்கம், அவர் அதைத்தான் எதிர்பார்த்தார், அதனால் பயப்படவில்லை. அந்தக் குமிழிகளோடு ஐதரசன் சயனைட்டும் ஏறியது. கசப்பு வாதுமை மணம் வரும் என்பார்கள். அந்த மணத்தை உணரும் திறன் பிறப்பிலேயே இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. மச்சானுக்கு எந்த மணமும் வரவில்லை, அமில நெடி மட்டும்தான். உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று வேலைத்தலப் பாதுகாப்பில் வைத்திருப்பது, காற்றில் பத்து இலட்சத்தில் 50 பங்கு. கொட்டில் முழுவதும் அவ்வளவு வந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பாத்திரத்துக்கு மேலே குனிந்து நின்றவனின் மூக்குக்குக் கொட்டிலின் சராசரிக் கணக்கு உதவாது.

கதிரை விழுந்த சத்தத்தில் தங்கச்சி ஓடிவந்தாள். அவர் கதவடியில் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே கிடந்தார். வாசலில் நின்று காலைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் தலை சுற்றி வாந்தி வந்தது. இன்னும் ரெண்டு எட்டு உள்ளே வைத்திருந்தால் ரெண்டு பேர் கிடந்திருப்பார்கள். வாயு விபத்துகளில் இரண்டாவதாக விழுகிறவர் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்தான். அவளிடம் நான் இதைச் சொன்னபோது, "அப்ப என்ன அண்ண, பாத்துக்கொண்டா நிக்கிற?" என்று கேட்டாள். பொலித்தீனை வெளியிலிருந்து கிழித்துக் காற்றை விட்டிருக்கலாம் என்றேன். எனக்கே அந்த நேரத்தில் அது தோன்றியிருக்குமா தெரியாது.

பக்கத்து வீட்டுப் பொடியன் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தான். அம்புலன்ஸ் வந்தது.

சொல்லாத சொல்

வைத்தியசாலையில் தங்கச்சி சொன்னது, "திராவகப் புகை குடிச்சிட்டார் டொக்டர்." அவளுக்குப் பேணியில் இருந்தது என்னவென்று தெரியும். மாமாவின் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அந்தத் தட்டைத் துடைத்தவள். இருந்தும் சயனைட்டு என்ற சொல் வாயில் வரவில்லை.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், போராளிகளின் கழுத்தில் தொங்கும் குப்பி. சோதனைச் சாவடியில் அந்தச் சொல்லோடு சம்பந்தப்பட்டவர்கள் பலர் வீடு திரும்பியதில்லை. போர் முடிந்து பதினைந்து வருசம் கழித்தும் சீருடை போட்ட ஆளைக் கண்டால் அவளுக்கு அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிடும். நான் போய்ச் சேர்ந்து, மச்சானின் காதில் குனிந்து கேட்டு, டொக்டரிடம் சொல்லும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. குப்பியால் இன்னொரு தவறான படமும் எங்கள் மனதில் பதிந்திருக்கிறது. சயனைட்டு என்றால் கடித்து விழுங்குகிற பொருள், வாயில் வைக்காவிட்டால் ஒன்றும் செய்யாது. மச்சானும் அப்படித்தான் நினைத்தார். கையுறை போட்டார், உதட்டில் படாமல் பார்த்தார். காற்றை யோசிக்கவில்லை.

டொக்டருக்கு அந்தச் சொல் ஏன் அவ்வளவு முக்கியம்? அமிலப் புகை என்றால் நுரையீரலைப் பார்ப்பார்கள். சயனைட்டு நுரையீரலைத் தாண்டி, உயிரணுவுக்குள் ஒட்சிசனைப் பாவிக்கும் நொதியத்தைப் பூட்டிவிடும். இரத்தத்தில் ஒட்சிசன் நிறைய இருக்கும், உயிரணுவால் எடுக்க முடியாது. பத்தாயத்தில் நெல் நிறைந்திருக்க, அடுப்பு பற்றாத வீடு மாதிரி. அதற்கான முறிமருந்துகளும் வேறு. ஐதரொக்சோகோபாலமின் என்பது விற்றமின் பி12 இன் ஒரு வடிவம்தான், அது சயனைட்டைத் தன்னோடு பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும். சோடியம் தயோசல்பேற்று உடம்புக்குக் கந்தகத்தைக் கொடுத்து, சயனைட்டைத் தீங்கு குறைந்த தயோசயனேற்றாக மாற்ற உதவும். எது, எப்போது என்பது வைத்தியரின் முடிவு. ஆனால் பெயர் தெரியாமல் அவரால் முடிவெடுக்க முடியாது. இப்படி விழுந்தவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதவும் கூடாது, ஊதுகிறவருக்கும் ஏறும்.

மச்சானுக்கு ஒட்சிசன் கொடுத்து இரவு முழுக்கக் கண்காணித்தார்கள். தானாகவே தெளிந்து வந்ததால் முறிமருந்து தேவைப்படவில்லை. கதவடியில் விழுந்ததுதான் அவருடைய அதிர்ஷ்டம்.

மறுநாள் வாளி

விபத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். எங்களுக்குப் பெரிய தலைவலி மறுநாள்தான் தொடங்கியது. கொட்டிலில் பத்து லீற்றர் கரைசல் இருந்தது. "மழைதானே மச்சான், வாவியில ஊத்திவிட்டா மறுகா என்ன?" என்று ஒருவர் கேட்டார். மலசலகூடக் குழிக்குள் விடலாம் என்று இன்னொருவர்.

எங்கள் நிலம் மணல். மாரியில் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. வாளியில் 50 கிராம் சயனைட்டு மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் இரண்டு மீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 3,500 லீற்றர். எல்லாம் போய்ச் சேர்ந்தால் லீற்றருக்கு 14 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் குடிதண்ணீரில் அனுமதிப்பது 0.2. எழுபது மடங்கு. மீன் சாவதற்கும் அந்த 0.2 அளவே அநேகமாகப் போதும். 2000 ஜனவரி கடைசியில் ருமேனியாவின் பாயா மாரேயில் ஒரு தங்க ஆலையின் அணை உடைந்து, ஒரு இலட்சம் கன மீற்றர் சயனைட்டுத் தண்ணீர் ஆற்றுக்குள் போனது. திசா ஆறு வழியே அங்கேரி வரைக்கும் மீன் செத்து மிதந்தது. அது மலையளவு, இது வாளியளவு, உண்மைதான். ஆனால் வாவியின் ஓரத் தண்ணீரில்தான் எங்கள் ஆட்கள் வலை வீசுகிறார்கள், இறால் பிடிக்கிறார்கள்.

வெளுக்கும் நீர் ஊற்றி நாமே அழிக்கலாம் என்று மச்சான் படுக்கையில் இருந்தே யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரம் போதாத கரைசலில் குளோரீன் பட்டால் சயனோஜன் குளோரைட்டு என்ற இன்னொரு நச்சு வாயு வரும். அந்த வாளியின் காரம் எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இரசாயனம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதைத் தொடாமல் விட்டதுதான்.

கொட்டிலின் பொலித்தீனைக் கழற்றி, வளவுக்குள் யாரையும் விடாமல் வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையைக் கேட்டோம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இது அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள்தான் கையாளலாம். கடைசியில் கொழும்புப் பக்கமிருந்து ஆட்கள் வந்து வாளியையும் சேற்றையும் துணியையும் பேணியையும் எடுத்துப்போனார்கள். காசு நாங்கள் கொடுத்தோம். சேற்றுக்குள் தங்கமும் போனது. முழுவதும் எடுத்திருந்தாலும் அது 2.14 கிராம், கால் பவுணுக்குக் கொஞ்சம் மேல்.

மாமா முப்பது வருசம் அதே உப்போடு இருந்து எப்படித் தப்பினார் என்று கேட்டேன். அவர் பட்டறையில் சயனைட்டு முன் திண்ணையில், திராவகம் பின் வளவில். இரண்டுக்கும் ஒரே பாத்திரம், ஒரே துணி, ஒரே கை கிடையாது. திராவகம் தொட்ட நாளில் முலாம் வேலை இல்லை. "அது ரெண்டும் சண்டைக்காரர், மகன், ஒரு வீட்டில வெக்கேலாது" என்றார். மகனுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க, அவன் போன் வேலைதானே பழகினான் என்றார்.

கழிவு போய்ச் சேர்ந்த கிழமை மாமாவிடம் பேணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காதுக்குள் சத்தமாகச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேணி எல்லோ வெச்ச. மத்தது எங்க?"

அன்று இரவு டோர்ச் அடித்து வீடு முழுக்கத் தேடினோம். குசினிக் கூரை வளையில், அடி துருப்பிடித்து, ஈரம் ஏறி, அமோனியா மணம் அடித்துக்கொண்டு இருந்தது. அதற்குக் கீழேதான் தங்கச்சி உப்புச் சாடி வைப்பாள்.